பத்துக்கு மூன்று

முருங்கைக்கீரையை ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி மூலையில் வைத்துவிட்டால் போதும், காலையில் எடுத்து உதறினால் இலையெல்லாம் தானாக உதிர்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா கீரையை நீட்டும்போதே சொல்லித்தான் நீட்டினாள். சண்முகவடிவுக்கு அது தெரியாத விஷயமா என்ன. ஆனாலும் அவள் கூடத்தில் பழைய தினத்தாளை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு இணுக்காக எடுத்து உருவிக்கொண்டிருந்தாள். கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் வாய் பொய் சொல்லும்போது முகம் காட்டிக்கொடுக்காது. கீரையைப் பார்த்துக் குனிந்திருக்கிற முகத்தை யாரும் துருவிப் பார்ப்பதில்லை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் புருஷன் அய்யாத்துரை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல், மடியில் கைடை விரித்து வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். இன்று வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை தேர்வு, அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கு; ஆங்கிலப் பாடத்துக்கு இருவருமே எழுதுகிறார்கள். மகள் தேன்மொழியைத் தேர்வு முடிகிறவரை சாத்தூரில் தங்கை வீட்டில் விட்டாயிற்று. வீடு அமைதியாக இருந்தது, தெருவில் தீப்பெட்டி ஆபீஸ் விட்டுப் போகிற பெண்களின் பேச்சு மட்டும் கேட்டு ஓய்ந்தது. “லைட்டோட்டீஸ்?” என்றான் அய்யாத்துரை. எதிர்ப்பதத்தை மறுத்துச் சொல்லி ஒன்றைக் குறைத்துக் காட்டுகிற அணி. நன்றாயிருக்கிறது என்பதற்குப் பதில் மோசமில்லை என்பது. இதைச் சொல்ல அவளுக்குக் கைடு எதற்கு, பதினொரு வருஷமாக அந்த அணியோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். குழம்பு நன்றாக வாய்த்துவிட்டால் ‘குத்தம் சொல்ல முடியாது’ என்பான். புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றால் ‘கெட்டுப்போகல’ என்பான். தேன்மொழி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் கலங்கி நிற்க, அந்த மனுஷன் வாயிலிருந்து வந்தது ‘பரவால்லையே’. சரியாகவே சொன்னாள். “ம்,” என்று பக்கத்தைத் திருப்பினான். ஆறு கேள்வி ஆகியிருந்தது. அதில் ஒன்று தப்பு. இன்னும் நான்கில் இரண்டு தப்பு சொல்ல வேண்டும்.

பத்துக்கு மூன்று என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது, ரெஜினா அக்காவுக்குக்கூடத் தெரியாது. இரண்டு வருஷமாக அதை அவள் கண்ணும் கருத்துமாக நடத்திவருகிறாள், அதில் கைதேர்ந்துவிட்டாள் என்றே சொல்லலாம். அடுத்தடுத்து இரண்டு தப்பு வரக்கூடாது, வந்தால் மனசு வேறெங்கோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். சுலபமானதில் தப்பு விடக்கூடாது, நம்பமாட்டான். அவனுக்கு நன்றாகத் தெரிந்ததில்தான் விட வேண்டும், அப்போதுதான் கைடைப் பார்க்காமலே திருத்துவான், திருத்தும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவான், குரல் கொஞ்சம் ஏறும், ‘எத்தனை தடவை சொல்லிட்டேன் வடிவு’ என்பான், அந்தக் குரலில் கோபமே இருக்காது, சந்தோஷம்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு முகம் வாடி வருகிற நாளில் நான்காகக் கூட்டிக்கொள்வாள். நல்ல செய்தியோடு வருகிற நாளில் இரண்டே போதும். உப்பு போடுகிற கைக்கு அளவு தெரியாதா. ஆனால் சட்டமெல்லாம் போட்டு இவ்வளவு சிரத்தையாக ஒருத்தி பொய் சொல்லும்படி அவன் என்ன கொடுமைக்காரனா என்று கேட்டால், அதுதான் இல்லை. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, ஞாயிற்றுக்கிழமையானால் பாத்திரம் அவன்தான் துலக்குவான். அவளைத் தேர்வு எழுதச் சொன்னதே அவன்தான், விண்ணப்பத்தை அவனே உட்கார்ந்து நிரப்பினான், போட்டோவுக்கு அவளைப் பவுடர் போடச் சொல்லி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனான். “நீயும் எழுது. துணைக்குத் துணையாச்சு,” என்றான். அந்தத் துணைக்கு என்கிற சொல்லில்தான் எல்லாம் இருந்தது, அப்போது அவளுக்கு அது உறைக்கவில்லை. முதல் நாள் மாலை இதே மாதிரி உட்கார்ந்து இருபது கேள்வி கேட்டான். அவளுக்கு உற்சாகம். கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருஷம் மெட்ரிக் பள்ளியில் பாடம் நடத்தியவள், எவ்வளவு காலம் கழித்து இந்தச் சொற்களைத் தொடுகிறோம் என்கிற துள்ளல், இருபதுக்கும் மூச்சுவிடாமல் பதில் சொன்னாள். அதில் ஏழெட்டு அவனுக்கே தெரியாதவை என்பது பதில் சொல்லச் சொல்ல அவன் கைடைப் பார்த்துப் பார்த்துச் சரிபார்த்த விதத்தில் தெரிந்தது, தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை. கடைசியில் அவன் புத்தகத்தை மூடினான். “பரவால்லையே,” என்றான். அவ்வளவுதான். பிறகு மூன்று நாள் பேச்சில்லை. சண்டையில்லை, முறைப்பில்லை, சாப்பாட்டைத் தள்ளவில்லை. கேட்டால் ‘ம்’, கேட்டால் ‘சரி’, குடித்த டம்ளரை அவனே கழுவி வைத்தான். கைடு ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. நான்காம் நாள் அவளே அதை எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுபோய், ‘கேளுங்க’ என்று கொடுத்து, ஐந்தாவது கேள்விக்குத் தெரிந்தே தப்பாகச் சொன்னாள். அவன் நிமிர்ந்தான், திருத்தினான், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சட்னி நல்லாயில்லாம இல்லை என்றான். அவ்வளவு சுலபமாக இருந்தது. ஒரே ஒரு தப்புக்கு ஒரு வீடு திரும்பக் கிடைக்கிறது என்றால் யார்தான் சொல்லமாட்டார்கள் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

“மெட்டனிமிக்கும் சினெக்டகிக்கும் வித்தியாசம் சொல்லு,” என்றான் அய்யாத்துரை. இது அவளுடைய ஆஸ்தானத் தப்பு. அவனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு, அதனால் மாதம் இரண்டு தடவையாவது இதை மாற்றிச் சொல்லி அவனைத் திருத்தவிடுவாள். ராஜா ஆணையிட்டார் என்பதற்குக் கிரீடம் ஆணையிட்டது என்பது ஒன்று, அதில் ராஜாவோடு தொடர்புள்ள ஒரு பொருள் ராஜாவுக்காக நிற்கிறது. இரண்டு ஆள் வேண்டும் என்பதற்கு இரண்டு கை வேண்டும் என்பது இன்னொன்று, அதில் உறுப்பைச் சொன்னால் முழு ஆளைக் குறிக்கிறது. சரி, இன்றைக்கும் மாற்றிச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுத்தாள், வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். மாற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் மாற்றாதது எது என்று தெரிய வேண்டுமல்லவா. கிரீடம் எது, கை எது. கிரீடம் மெட்டனிமி. இல்லை, அது தப்பாகச் சொல்வதற்காக வைத்துக்கொண்டதா? கை சினெக்டகி. அதுதான் அவள் எப்போதும் சொல்வது. எப்போதும் சொல்வது என்றால் அது தப்புதானே, இதில் எப்போதும் தப்பைத்தானே சொல்கிறாள். அப்படியானால் கை மெட்டனிமி. கையில் இணுக்கு அப்படியே நின்றது. தமிழ் இலக்கணத்தைப் பிடித்தால் கரையேறலாம் என்று தோன்றியது, ஒன்பதாம் வகுப்பில் ஆகுபெயர் படித்திருக்கிறாள், ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ள மனுஷர் சிரித்தார்கள், வெற்றிலை நட்டான் என்றால் இலையை நடவில்லை, கொடியை நட்டான், அது சினையாகுபெயர், சினை என்றால் உறுப்பு. சினை, சினெக்டகி. சத்தம் பொருந்துகிறது. ஆகா என்று ஒரு நொடி நெஞ்சுப் பாரம் இறங்கியது. அடுத்த நொடியே, இந்தச் சத்தப் பொருத்தத்தை நினைவுக்குறியாக வைத்துக்கொண்டது சரியான பதிலுக்கா, தப்பான பதிலை உளறாமல் சரளமாகச் சொல்வதற்கா என்று சந்தேகம் வந்தது. சத்தத்தை நம்பி ஏமாறாதே என்று யாரோ சொன்னார்களே, அவன் சொன்னானா, அவளே சொல்லிக்கொண்டாளா? “என்ன வடிவு?” என்றான். “இருங்க, யோசிக்கேன்,” என்றாள். பொய்யில்லாமல் அவள் யோசித்தது வெகுநாளைக்குப் பிறகு இப்போதுதான். கடைசியில் சரி என்று பட்ட ஒன்றையே சொன்னாள். “எத்தனை தடவை சொல்லிட்டேன்!” என்று அவன் நாற்காலியில் நிமிர்ந்து, பென்சிலால் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டு, விளக்க ஆரம்பித்தான். அவன் குரல் கேட்டது, சொல் ஒன்றும் காதில் விழவில்லை. அவள் சொன்னது நிஜத்திலேயே தப்பாக இருந்திருக்கிறது.

அவன் விளக்குகிறான், இதோ இப்போது கேட்டுக்கொண்டால் இந்த ஒன்று தெரிந்துவிடும், இல்லாவிட்டால் அவன் எழுந்து போனதும் கைடைப் புரட்டினால் ஆயிற்று. இது ஒன்று தெரிந்துவிடும், மற்றதெல்லாம்? இரண்டு வருஷம், நாளுக்கு இருபது முப்பது கேள்வி, பத்துக்கு மூன்று. எத்தனை ஆயிரம் தப்பை அவள் தன் வாயாலேயே, தெளிவான குரலில், முகம் மாறாமல் சொல்லியிருக்கிறாள். சொல்லச் சொல்லத்தானே மனசில் பதியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள், வாய்விட்டுச் சொன்னால் மறக்காது என்று எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருக்கிறாள். மறக்கவில்லை. ஒன்றுகூட மறக்கவில்லை போலிருக்கிறது. டாசிட்டர்ன் என்றால் அதிகம் பேசாதவன், அதில் சந்தேகமில்லை, அந்தச் சொல்லை அய்யாத்துரையின் மேல் ஒட்டிவைத்திருக்கிறாள். ஒவ்வொரு சொல்லையும் தெரிந்த ஆள் ஒருவர்மேல் ஒட்டிவைப்பதுதான் அவள் பழக்கம். கூழைக்கும்பிடு போடுகிறவனுக்கான சொல் பழைய பள்ளிக்கூடத்துக் கிளார்க்மேல் இருக்கிறது, அது ஒப்ஸீக்வியஸ். வாய் ஓயாமல் பேசுகிறவருக்கான சொல் ரெஜினா அக்காமேல் இருக்கிறது, அது கரூலஸ். சரி, அது சரி. எஃபெமரல்? சிறிது நேரமே நிலைப்பது. அதை யார்மேல் ஒட்டினாள்? யாருமில்லை. அப்படியானால் அது நிஜமா? நிஜமாகப் படித்ததெல்லாம் ஆள்மேல் ஒட்டியதுதான், ஆளில்லாமல் நிற்பதெல்லாம் பொய்க்காகச் செய்தவையோ என்னவோ. வியர்த்தது. மின்விசிறி மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பழுத்த இலை நாலைந்து நல்ல இலையோடு விழுந்துவிட்டதைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டாள், இதையாவது பார்த்தால் தெரிகிறது என்று இருந்தது. அந்தத் தேர்வு அறையில் ஞாயிற்றுக்கிழமை காலை நூற்றைம்பது கேள்வி வரும், ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில், நான்கில் ஒன்று அவள் படித்ததாக இருக்கும், இன்னொன்று அவள் இந்தக் கூடத்தில் சொன்னதாக இருக்கும், இரண்டும் ஒரே மாதிரி அவளைப் பார்த்துத் தலையாட்டும். அப்போது யாரைக் கேட்பது?

போன தடவை அந்தப் பயமாவது இல்லை. போன தடவையை நினைக்கக்கூடாது என்று ஒரு வருஷமாக வைத்திருந்தாள், நினைப்பு அந்தப் பக்கம் திரும்பினாலே துணி மடிக்கவோ அரிசி களையவோ எழுந்துவிடுவாள், இன்றைக்குக் கீரையோடு கால் நீட்டி உட்கார்ந்துவிட்டதால் எழ முடியவில்லை. போன தடவை எது தெரியும், எது தெரியாது என்பதாவது தெரிந்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் இருவருக்கும் வேறு வேறு அறை. வினாத்தாளைப் பிரித்த பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது, இது தன்னால் ஆகிற காரியம் என்று. கறுப்புப் பேனாவால் வட்டங்களைத் தீட்டிக்கொண்டே போனாள், கை வலிக்கிற சுகத்தை அன்றைக்குத்தான் கண்டாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது இன்னும் இருபது நிமிஷம் இருந்தது, பதினொரு கேள்வி பாக்கி. அப்போது எண்ணிப்பார்த்தாள். எண்ணியிருக்கக் கூடாது, எண்ணினாள். கணக்குப் போட்டதில் சரியாக வரக்கூடியவை தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று. மாதிரித் தேர்வுகளில் அய்யாத்துரை தொண்ணூற்றைந்தைத் தாண்டியதில்லை. பேனா மூடியைத் திருகி மூடிவிட்டு, அந்தப் பதினொரு வரிசையையும் வெள்ளையாகவே விட்டுவிட்டு, மணி அடிக்கிறவரை சும்மா உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதன் கீழே யாரோ ஒரு அப்பா கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு உள்ளே தேர்வு எழுதுகிற மனைவிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முடிவு வந்தது. அவனுக்குத் தொண்ணூற்று நான்கு, அவளுக்குத் தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றாறு எடுத்தவர்களைக் கூப்பிட்டார்கள். விட்ட பதினொன்றில் குறைந்தது எட்டு அவளுக்குத் தெரிந்தவை, வெளியே வந்து கைடைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அய்யாத்துரை தன் வருத்தத்தை விழுங்கிக்கொண்டு அவளுக்கு ஆறுதல் சொன்னான். “நேரம் போதலன்னா நீ என்ன செய்வ. ஒனக்கு இன்னும் வயசு இருக்கு வடிவு,” என்றான். அவள் தலையாட்டினாள். இந்நேரம் விளாத்திகுளம் பக்கம் ஏதோ ஒரு அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்க வேண்டியவள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். துணைக்கு இல்லை, குடும்பத்துக்கு இல்லை, அவளுக்கு வேண்டும். கரும்பலகையில் தேதி எழுதிவிட்டுத் திரும்பினால் நாற்பது முகம் நிமிர்கிற அந்த நொடி வேண்டும். அதை அவளே வெள்ளையாக விட்டுவிட்டு வந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல், ஒரு இணுக்கைத் தண்டோடு ஒடித்துப் போட்டாள். அவனுக்கு இதுதான் கடைசித் தடவை, அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது தாண்டிவிடும். அவள் தேறி அவன் தேறாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது. ‘பரவால்லையே’ என்பான். பிறகு மூன்று நாளா, மூன்று மாதமா, ஆயுசு முழுக்கவா என்று தெரியாத அந்த ‘ம்’ இருக்கும்.

“கண்டசென்ட்?” என்று கேட்டான். விளக்கம் எப்போதோ முடிந்து அவன் வேறு பக்கத்துக்குப் போயிருந்தான். எட்டாவது கேள்வி, இன்னும் ஒரு தப்பு பாக்கியிருக்கிறது, ஆனால் எது தப்பு என்று பார்த்துச் சொல்ல அவளுக்கு இப்போது தெம்பில்லை. “மேல இருக்கவங்க கீழ இறங்கிவந்து பேசுறது,” என்றாள். “அப்படி இறங்கி வர்றதுலயே நீ கீழதான்னு காட்டுறது.” சொன்ன பிறகுதான் அது சரி என்று உணர்ந்தாள். “உதாரணம்?” என்றான் அவன். வாத்தியார் புத்தி, எதற்கும் உதாரணம் வேண்டும். உதாரணத்துக்கு அவள் எங்கும் தேடவேண்டியிருக்கவில்லை. போன மாதம் தெருவில் தேன்மொழியோடு ஓட்டப்பந்தயம், கரண்டுக் கம்பம்வரை ஓட வேண்டும், இவள் பாதியில் மூச்சு வாங்குகிற மாதிரி நின்று குழந்தையை முந்தவிட்டாள். தொட்டுவிட்டுத் திரும்பிய தேன்மொழி முகத்தில் சந்தோஷமே இல்லை. ‘நீ வேணும்னே தோக்குற. போம்மா, உங்கூட விளையாட மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ஏழு வயசு. அதற்கு அது அவமானம் என்று தெரிந்திருந்தது. “பெரியவங்க சின்னப் பிள்ளையோட ஓடும்போது, வேணும்னே தோத்துக் குடுப்பாங்கல்ல, அது,” என்றாள் வடிவு. அய்யாத்துரை கைடிலிருந்து தலையைத் தூக்கினான். “பிரமாதம் வடிவு,” என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல், மோசமில்லை கூட இல்லை, பிரமாதம். “இது கைடுல இருக்கறதவிட நல்லாருக்கு. எழுதிக்கிடுதேன்,” என்று பென்சிலை நாக்கில் தொட்டு, ஓரத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில் பொடிப்பொடி எழுத்தாக அதை எழுத ஆரம்பித்தான். சின்னப் பிள்ளையோட ஓடும்போது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, ஒரு சொல் விடாமல், அவ்வளவு நம்பிக்கையாக எழுதினான். அந்தக் குனிந்த தலையில் உச்சியில் முடி கொட்டியிருந்தது. இவனை இரண்டு வருஷமாக இப்படி ஓடவிட்டிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது, அழுகை வரும்போல இருந்தது.

“ஏங்க,” என்றாள். “நான் வேணும்னேதான் தப்பாச் சொல்லுதேன்.”

“எதை?” என்றான், எழுதிக்கொண்டே.

“பத்துக்கு மூணு. எப்பவும்.”

பென்சில் நின்றது. சிரிக்கப்போகிறவன் மாதிரி அவளைப் பார்த்தான், அவள் முகத்தில் சிரிப்புக்கு இடமில்லாததைக் கண்டு பாதியில் விட்டான். பிறகு கைடின் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினான், இன்னும் திருப்பினான். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சின்னச் சின்னதாக ‘வ’ என்று பென்சிலில் எழுதியிருந்தது, இத்தனை நாளும் அவன் எதையோ குறித்துக்கொள்கிறான் என்று பார்த்திருக்கிறாளே தவிர அது என்னவென்று அவள் கேட்டதில்லை.

“இது நீ தப்பு விட்டது எல்லாம்,” என்றான். “நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு போட்ருக்கேன். இந்த ‘வ’ போட்டதை மட்டும் உக்காந்து உனக்குச் சொல்லித்தரணும்னு. அப்ப இதெல்லாம் உனக்குத் தெரியும்.”

“தெரியும். இப்ப கொஞ்சம் நெஜமாவே குழம்பிப்போச்சு.”

“போன பரீட்சை?”

“பதினொண்ணு எழுதாம விட்டேன். நேரம் இருந்துச்சு.”

அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்கிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது வாசல்படியை ஒட்டி நின்றுகொண்டான், உட்காரவில்லை.

“எம்மேல அவ்வளவு பயமா வடிவு?”

“அடிப்பீங்கன்னு பயமில்ல. பேசாம இருந்துருவீங்களேன்னுதான்.”

“நான் அவ்வளவு சின்ன ஆளா,” என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. அதற்கு அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம், இரண்டு வருஷமாக அதைத்தானே விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆனால் வாய் வரவில்லை. அவனும் பேசவில்லை. அவள் எந்த அமைதிக்குப் பயந்து இத்தனையும் செய்தாளோ அது இதோ கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஏதாவது சொல்லி அதை எழுப்பி அனுப்பிவிட நாக்கு பரபரத்தது, காப்பி போடட்டுமா, நாளைக்குக் கீரையைப் பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கட்டுமா, எதையாவது. சொல்லவில்லை. இணுக்கு ஒவ்வொன்றாக உருவினாள். வெளியே வெளிச்சம் மங்கி, தெருவில் யாரோ வாசலுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். அவள் கடைசிக் காம்பையும் உருவி முடித்து, செய்வதற்கு வேலை இல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவனையே பார்த்தாள். அய்யாத்துரையின் கண் சிவந்திருந்தது. வந்து, நாற்காலியை விட்டுவிட்டு, தினத்தாளுக்கு அந்தப்பக்கம் அவளுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“இந்தா,” என்று கைடை நீட்டினான். “நீ கேளு.”

“நானா?”

“நீதான். நான் தப்பாச் சொன்னா தப்புன்னு சொல்லு.”

பச்சை ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பதினொரு வருஷத்தில் தப்பு என்கிற சொல்லை அவனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்தைத் திறந்ததும் கண் தானாக அவனுக்குத் தெரிந்த சொல்லாகத் தேடியது. இரண்டாவது வரியில் ஒன்று, ஐந்தாவது வரியில் ஒன்று, அதைக் கேட்டால் சரியாகச் சொல்லுவான், நிமிர்ந்து உட்காருவான், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதைத் தாண்டிக் கீழே வந்தாள். விரல் நின்ற இடத்தில் இருந்த சொல்லுக்கு அர்த்தம், நேர்க் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் சுற்றிவளைத்து மழுப்புவது.

“ப்ரிவேரிகேட்?” என்றாள்.

“தள்ளிப்போடுறது,” என்றான் அய்யாத்துரை உடனே. “இன்னைக்குச் செய்யவேண்டிய வேலையை நாளைக்கு, நாளன்னைக்குன்னு.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்த மனுஷன், நாற்பத்து மூன்று வயசு, ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அப்படிக் காத்திருந்தான். கிட்டத்தட்ட வந்துட்டீங்க என்று சொல்லலாம். பலபேர் அப்படித்தான் நினைக்கிறாங்க என்று சொல்லலாம். அவளுக்கு அது மாதிரி நூறு வாக்கியம் தெரியும்.

“தப்பு,” என்றாள்.

அவன் முகம் வாடியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணை எடுக்கவில்லை. அவன் கீழே கிடந்த வெறும் காம்பு ஒன்றை எடுத்து இரண்டாக ஒடித்தான், அதையும் இரண்டாக ஒடித்தான்.

“சரி, அர்த்தம் சொல்லு,” என்றான்.

சொன்னாள். அவன் வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

“அடுத்தது கேளு,” என்றான்.